நரி விற்ற பிரிண்டர்

ஆற்றங்கரை மேட்டில் ஒரு முள்ளம்பன்றி வளை தோண்டிக் குடியிருந்தது. அதற்கு இரண்டு குட்டிகள். பிறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

ஒருநாள் காலையில் வேங்கை மரத்தில் ஓர் அறிவிப்பு தொங்கியது. ‘யானைகள் ஆற்றுக்கு இறங்க மேட்டின் மீது புதிய பாதை. வளைகள் மிதித்துச் சமமாக்கப்படும். ஆட்சேபணை இருந்தால் இன்று பொழுது சாய்வதற்குள் எழுதித் தரவும்.’

முள்ளம்பன்றி பதறிப்போனது. ஆனாலும் மனசைத் தேற்றிக்கொண்டது. வீட்டில்தான் பிரிண்டர் இருக்கிறதே!

போன மாதம் நரி விற்றது அது. வாயால் சொன்னால் போதும், அச்சடித்துத் தரும். “கையால எழுதின மனுவை யானை ஐயா மோந்துகூடப் பாக்க மாட்டார். எல்லாம் அச்சுல இருக்கணும்!” என்று சொல்லித்தான் நரி அதைத் தலையில் கட்டியிருந்தது.

முள்ளம்பன்றி வளை வாசலில் இருந்த பிரிண்டர் முன்னால் உட்கார்ந்து மனுவைச் சொன்னது. பிரிண்டர் ‘கீங்’ என்றது. பிறகு சிவப்பு எழுத்தில் காட்டியது: ‘இது நரி மை அல்ல. அச்சடிக்க இயலாது.’

உள்ளே இருந்தது முயல் கடையில் வாங்கிய மை கார்ட்ரிட்ஜ்.

“நேத்து வரைக்கும் இதே மையிலதானே அடிச்சே!” என்றது முள்ளம்பன்றி.

பிரிண்டர் அதையே மறுபடி காட்டியது.

சத்தம் கேட்டுப் பக்கத்து மரத்துக் குரங்கு வந்து குதித்தது. குரங்குக்குத் தெரியாத வேலை ஏது?

“நகருங்கக்கா, நான் பாக்குறேன்!”

கார்ட்ரிட்ஜைக் கழற்றியது. அதன் செம்புத் தகட்டை வால் நுனியால் துடைத்தது. ஊதியது. மாட்டியது. பிரிண்டரை அணைத்து, பத்து வரை எண்ணி மறுபடி போட்டது. பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டும் தட்டியது.

‘இது நரி மை அல்ல.’

“நேத்து நீங்க இல்லாதப்போ ‘புதுப்பிக்கலாமா?’ன்னு இது கேட்டுச்சுக்கா. பாவம், இவ்வளவு மரியாதையா கேக்குதேன்னு ‘சரி’யை அமுக்கிட்டேன். அதுலதான் ஏதாச்சும் ஆயிருக்குமோ?” என்றது குரங்கு.

முள்ளம்பன்றிக்குக் குரங்கைத் திட்டக்கூட நேரமில்லை. நரி கடைக்கு ஓடியது.

நரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டது. “புதுப்பிச்சது ரொம்ப நல்லது. மத்தவங்க எல்லாம் எப்பவோ புதுப்பிச்சிட்டாங்க. இனிமே அது கண்ட மையையும் உள்ள விடாது!”

“அப்ப உங்க மையையே ஒண்ணு குடுங்கண்ணே!”

“இருப்பு இல்லை. நாளைக்கு வாங்க.”

“நாளைக்கு எனக்கு வீடே இருக்காதே!”

“கவலைப்படாதீங்க. பிரிண்டருக்கு ஒரு வருஷம் வாரண்டி இருக்கு” என்றது நரி.

முள்ளம்பன்றி திரும்பி வந்தபோது மரங்களின் நிழல் நீண்டுவிட்டது. மேட்டுக்குப் பின்னால் யானைகள் பிளிறின. வளைக்குள் குட்டிகள் இரண்டும் கத்தின. குரங்கு கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“அக்கா, இன்னும் ஒரே ஒரு தடவை அணைச்சுப் போட்டா...”

அவ்வளவுதான். முள்ளம்பன்றிக்கு வந்ததே கோபம்! முட்கள் அத்தனையும் சிலிர்த்து நின்றன. திரும்பி, முதுகைக் காட்டிப் பின்பக்கமாகவே பாய்ந்தது. குரங்கு ஒரே தாவில் மரத்தில் ஏறிவிட்டது. முள் போய்க் கார்ட்ரிட்ஜில் குத்தியது. சதக்!

மை பொங்கியது. ஒரு முள் கழன்று, மையில் புரண்டு, தரையில் கிடந்த காகிதத்தின் மேல் உருண்டது. அது போன வழியெல்லாம் நல்ல கறுப்பில் ஒரு கோடு விழுந்தது.

“அட, எழுதுதே!” என்றது மேலேயிருந்து குரங்கு.

முள்ளம்பன்றி அந்த முள்ளைப் பார்த்தது. முதுகில் இன்னும் நூற்றுக்கணக்கில் இருந்தன. காலையிலிருந்து அத்தனையையும் சுமந்துகொண்டுதான் அது பேனா இல்லாதது போல ஓடியிருக்கிறது.

முள்ளை எடுத்து மையில் தொட்டு எழுதியது. ‘ஐயா, என் குட்டிகளுக்கு இன்னும் ஓடத் தெரியாது. மேட்டை விட்டுவிடுங்கள்.’ எழுதியதும் ஒரே ஓட்டம். சூரியன் மலையைத் தொடும்போது யானையின் முன்னால் போய் நின்றது.

யானை மனுவை இரண்டு முறை படித்தது. “சரி. பாதையைக் கீழ்ப்பக்கமா வளைச்சுக்கிறோம். குட்டிகளைப் பாத்துக்கோம்மா.”

முள்ளம்பன்றிக்குக் கண் கலங்கிவிட்டது. “அச்சுல இல்லையேன்னு தள்ளிடுவீங்களோன்னு பயந்துட்டேன், ஐயா!”

“அச்சா? யாரு கேட்டா?” யானை தன் பக்கத்திலிருந்த மனுக் கட்டைப் பிரித்துக் காட்டியது. எல்லாம் நகத்தாலும் அலகாலும் இலையில் கீறியவை. “நரிகிட்ட மெஷின் வாங்கினவங்ககிட்டேருந்து ஒரு மாசமா ஒரு மனுகூட வரலை. அவங்களுக்கு ஒரு குறையும் இல்லைன்னுல்ல நான் நினைச்சிட்டிருந்தேன்!”

அடுத்தவன் பிடியில் இருக்கும் கருவியை நம்பித் தன்னிடம் இருப்பதை மறப்பவன், பேச வேண்டிய நேரத்தில் வாயிருந்தும் ஊமையாகிவிடுவான்.