விழப்போகும் சுவருக்கு அனுமதி

பேரரசரின் சட்டமே ஒரு வினோதம். யூதர்கள் புதிதாக ஜெபாலயம் கட்டக் கூடாது. பழையதைத் தொடவும் கூடாது. இடிந்து விழப்போகிறது என்று அதிகாரி கண்ணால் பார்த்துச் சொன்னால் மட்டும் முட்டுக் கொடுக்கலாம். விழுந்துவிட்டாலோ, போனது போனதுதான்.

கடலோர ஊர் ஒன்றில் ஜெபாலயச் சுவர் விரிசல் கண்டிருந்தது. அதிகாரி பார்க்க வருகிறார் என்றதும் கொத்தனார் யூதானுக்குக் கை சும்மா இருக்கவில்லை. நரைத்த தாடி, ஊர் யூத குருவான ரபி அபுனைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் ரபியின் சீடர். விருந்தாளி வரும் வீட்டில் ஓட்டையைக் காட்டுவார்களா? காலையிலேயே விரிசலைச் சாந்து பூசி மெழுகிவிட்டார்.

அதிகாரி உள்ளே வந்து சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மலை மாதிரி நிற்கிறதே! அனுமதி கிடையாது."

அப்போதுதான் யூதானுக்கு உறைத்தது. வினையை விலைக்கு வாங்கியாகிவிட்டது. பக்கத்தில் நின்ற ரபியின் காதில் கிசுகிசுத்தார்.

"ரபி, சுவர் நிற்கணும் என்று வேண்டிக்கொள்ளவா, விழணும் என்று வேண்டிக்கொள்ளவா?"

ரபி அதிகாரியிடம் திரும்பினார்.

"ஐயா, ஆபத்து ஒன்றும் இல்லையே?"

"துளியும் இல்லை."

"சந்தோஷம். வெயிலில் வந்திருக்கிறீர்கள். அந்தக் கல்பலகையில் சுவரோடு சாய்ந்து உட்காருங்கள்."

அதிகாரி உட்கார்ந்தார், சாய்ந்தார். ஈரச் சாந்து மொத்தமாகப் பெயர்ந்து அவர் முதுகோடு வந்தது. விரிசல் வாயைப் பிளந்தது. சரளைக்கல் கழுத்துவழியே சட்டைக்குள் கொட்டியது. எழுந்த வேகத்தில் தெருவுக்கே போய்விட்டார்.

"முட்டுக் கொடுத்துத் தொலையுங்கள்!" என்று அங்கிருந்தே கத்தினார். "ஒரு முழம்கூட உயர்த்தக் கூடாது!"

யூதானுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"ரபி, சுவரைக் காப்பாற்றத்தான் பூசினேன். அதுவே அதைக் கெடுக்கப் பார்த்தது. நீங்கள் விருந்தாளியை விழுகிற சுவருக்கு அடியில் உட்கார வைத்தீர்கள். காரியம் கைகூடியது. ஆனால் அது பாவமில்லையா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை."

"நாம் தினமும் எங்கே உட்காருகிறோம், யூதானே?"

"அதே பலகையில்தான்."

"நம் பிள்ளைகள்?"

"அவர்களும் அங்கேதான்."

"நாம் ஆயுசு முழுக்க உட்காரும் இடம். சட்டத்தைக் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னேன்."