பிசகிய மெட்டு

இது நான் நேரில் பார்த்ததல்ல. விடுதியில் என் அறையில் இருந்த அமுதவல்லி சொன்னது. கேட்டபடியே எழுதுகிறேன்.

சீர்காழியில் வைத்தியலிங்கம் என்ற பாட்டு வாத்தியார் தன் மகள் கோமளாவுக்கு வீணை கற்றுக்கொடுத்தார். அபஸ்வரம் வந்தால் விரலில் பிரம்படி விழும். அந்தச் சித்திரை மாதம் முழுக்க, வீணைத் தண்டில் மெழுகால் பதித்த பித்தளை மெட்டுகளில் ஒன்றில் விரல் வைத்தால் மட்டும் ஸ்வரம் பிசகியது.

"இந்த மெட்டுல எப்படி வாசிச்சாலும் தப்பா வருதுப்பா" என்றாள்.

"உன் கை செய்யற தப்புக்கு வீணை மேல பழியா?" என்று இன்னும் இரண்டு அடி கொடுத்தார். விரல்கள் வீங்கிவிட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வாசிப்பைக் கேட்க சபா காரியதரிசி வந்தார். "ஒரு பிசகு வந்தாலும் இன்னிக்குச் சோறு கிடையாது" என்று அப்பா அவள் காதோடு சொன்னார். கோமளா வீணையை அப்பா பக்கம் நகர்த்தினாள்.

"ஒரு தடவை நீங்க வாசிச்சுக் காட்டுங்கப்பா. அதே மாதிரி வாசிக்கறேன்."

விருந்தாளி முன்னால் மறுக்க முடியுமா? வாசித்தார். அதே இடத்தில் அதே அபஸ்வரம். காரியதரிசி முகம் சுளித்தார்.

"வெயில்ல மெழுகு இளகி மெட்டு நகர்ந்துடுச்சு. இது வீணையோட தப்பு" என்றார் அப்பா அவசரமாக.

"அப்போ வீணையை எப்பப்பா அடிக்கப் போறீங்க?" என்று கேட்டாள் கோமளா.

காரியதரிசி காபியைத் தொடாமலே எழுந்து போனார்.

பின்னால் சீர்காழிக்குப் போனபோது வீணை பழுதுபார்ப்பவரிடம் விசாரித்தேன். அந்த வாரமே மெழுகை மாற்றியது உண்மைதான். வாசித்துப் பார்க்கச் சொல்லி அவர் கோமளாவைக் கூப்பிட்டாராம். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாளாம்.