நாய்ப் படத்துக்கு ஓணான்குளம் சொன்ன கருத்து

ஓணான்குளத்தில் புத்திசாலியே கிடையாது என்று சொன்னால் அது அபாண்டம். திருநெல்வேலி பஸ் அங்கே நின்று கிளம்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒன்றிரண்டு பேர் நிச்சயம் புத்திசாலிகளாக இருப்பார்கள். பஸ் போனதும் ஊர் பழைய நிலைக்கு வந்துவிடும். யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

அந்த ஊரில் மங்களம் டாக்கீஸ் என்று ஒரு சினிமாக் கொட்டகை. கொட்டகைக்கு ஒரு ரசிகர் சங்கம். சங்கத் தலைவர் ஆவுடையப்பன், மாவு மில் வைத்திருந்தார். செயலாளர் மாசானம், கல்யாணம் ஆகாதவர். ஏன் ஆகவில்லை என்று பெண்வீட்டார் அவரிடமே பலமுறை விளக்கிச் சொல்லியும் அவருக்கு விளங்கவில்லை. மூன்றாவது ஆள் கொம்பையா. சங்கத்தில் உறுப்பினர் என்று இருந்தது அவர் ஒருவர்தான். மற்ற இரண்டு பேரும் பதவியில் இருந்ததால் உறுப்பினராக இருக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

அப்போது மங்களம் டாக்கீஸில் 'குரைக்கும் குடும்பம் – பாகம் இரண்டு' என்ற படம் ஓடிக்கொண்டிருந்தது. பேசும் நாய்களைப் பற்றிய குடும்ப நகைச்சுவைப் படம். முதல் பாகம் நன்றாக ஓடியதால், இரண்டாம் பாகத்துக்குக் கதை வேண்டியதில்லை என்று எடுத்தவர்கள் தைரியமாக முடிவு செய்திருந்தார்கள். முதல் பாகத்தில் இரண்டு நாய்கள் பேசின. இதில் ஏழு நாய்கள் பேசின. நல்ல முன்னேற்றம்தான். கேட்கத்தான் ஆள் இல்லை. திரையில் இருந்த நாய்களைவிட நாற்காலியில் இருந்த மனிதர்கள் குறைவு.

மேனேஜர் தில்லைநாயகம் சங்கத்துக்காரர்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஞாயித்துக்கிழமை முதலாளி நேர்ல வாராரு. அன்னைக்குக் கூட்டம் இல்லைன்னா கொட்டகைய மூடி வெங்காயக் குடோன் ஆக்கிருவேன்னுட்டாரு. நீங்கதான் காப்பாத்தணும். படத்தைப் பாருங்க. மனசுல பட்டதை நாலு பேருக்கு எடுத்துச் சொல்லுங்க. என் பொழப்பு உங்க வாயிலதான்யா இருக்கு."

கொம்பையா சட்டென்று வாயை இறுக மூடிக்கொண்டார். மேனேஜருடைய பிழைப்பு தவறிக் கீழே விழுந்துவிடக் கூடாது அல்லவா? வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் வேறு வழியில்லாமல் திறந்தார்.

மறுநாள் மூவரும் கொட்டகை வாசலில் கூடினார்கள். அங்கே போஸ்டரில், 'குடும்பத்தோடு வாருங்கள், வயிறு வலிக்கச் சிரியுங்கள்' என்று போட்டிருந்தது. மாசானம் அதைப் படித்துவிட்டுச் சோர்ந்து போனார்.

"தலைவரே, எனக்குக் குடும்பம் இல்லையே. நான் எப்படிப் பாக்க?"

"இல்லைன்னா என்னவே? யார்கிட்டயாவது கேட்டு வாங்கிட்டு வாரும்."

மாசானம் எதிர்த்தாற்போல் இருந்த டீக்கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். டீக்கடைக்காரர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. உள்ளே இருந்த தன் மாமியார் சொர்ணத்தாயைக் கையோடு அனுப்பிவைத்தார். "இன்னைக்கே திருப்பித் தரணும்னு இல்ல. மூணாம் பாகம் வார வரைக்கும் நீங்களே வச்சிக்கிடுங்க" என்றார். அவ்வளவு தாராள மனசு.

அடுத்த சிக்கல் கொம்பையாவிடமிருந்து வந்தது. "எனக்குக் காலையிலேருந்தே வயிறு வலிக்கி. ஊசிப்போன பணியாரத்தைத் தின்னுட்டேன். இது படத்தோட கணக்குல சேருமா?"

ஆவுடையப்பன் நெடுநேரம் யோசித்தார். "சேராது. பணியாரத்தால வந்த வலியைத் தூக்கிப் படத்துக்குக் குடுத்தா அது நேர்மையில்ல. நாளைக்கு உம்ம பணியாரத்தை யாரு மதிப்பா? மொதல்ல இந்த வலி தீரட்டும்."

ஆகவே எல்லோரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கொம்பையாவின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலி தீர்ந்தபோது உள்ளே படம் தொடங்கிவிட்டது. மேனேஜர் வந்து விரட்டினார். மாசானம் அசையவில்லை.

"நாங்க பார்க்க வந்தது ரெண்டாம் பாகம் சார். அது இடைவேளைக்கு அப்புறம்தானே வரும்? மொதப் பாகத்தை நாங்க போன வருஷமே பாத்தாச்சு. அதுக்கு மறுபடி எதுக்கு நேரத்தை வீணாக்கணும்?"

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். இடைவேளை மணி அடித்ததும் மூவரும் சொர்ணத்தாயோடு கண்ணியமாக எழுந்து உள்ளே போனார்கள். முடிந்து வெளியே வந்தபோது முகத்தில் தெளிவே இல்லை.

"அந்த வெள்ளை நாயி எதுக்குப் போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கு?" என்றார் கொம்பையா.

"வேலை கெடைச்சிருக்கும்" என்றார் ஆவுடையப்பன்.

மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டார். "நாளைக்கு மொதல்லேருந்து பாருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும். கண்ணை இமைக்காமப் பாருங்க."

பார்த்தார்கள். தலைப்பு வந்ததிலிருந்து வணக்கம் போடும் வரை மூவரும் கண்ணை இமைக்கவேயில்லை. இமை தானாகச் சரிந்தபோதெல்லாம் விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். படம் முடிந்து வந்தபோது கண்கள் மிளகாய்ப் பழம்போல் சிவந்து, கன்னத்தில் தாரை தாரையாக நீர் வடிந்தது. ஆவுடையப்பனால் நடக்கவே முடியவில்லை. மாசானம் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார். அவருக்கும் கண் தெரியாததால் இருவரும் சேர்ந்து தூணில் மோதினார்கள்.

அடுத்த காட்சிக்கு வந்திருந்த ஒரு குடும்பம் இதைப் பார்த்துத் திகைத்து நின்றது. "என்னங்க, நாய் செத்துப் போயிருதா?" என்று அந்த அம்மாள் கேட்டாள். கொம்பையா கண்ணைத் துடைத்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையை விரித்தார். குடும்பம் அப்படியே திரும்பிப் போய்விட்டது. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவியது: ஏழு நாய்களும் செத்துப் போகின்றன, மூன்று ஆம்பிளைகள் தேம்பித் தேம்பி அழுதார்கள், அதைப் பார்க்க மனசுக்குத் தெம்பு வேண்டும்.

மொத்த ஊரிலும் படத்தைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னது சொர்ணத்தாய்தான். "ஆஹா, நல்ல படம்! நாற்காலி மெத்துன்னு இருந்துச்சு. உக்காந்ததுதான் தெரியும், முடிஞ்ச பொறவு எழுப்பிவிட்டாங்க. மருமகன் வீட்டுல எனக்கு இப்படித் தூக்கம் வந்ததே இல்ல."

அன்றிரவு தில்லைநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. இருபது வருஷமாகத் திரையைப் பார்த்தே வாழ்ந்த மனிதர். இனிமேல் வெங்காய மூட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று நினைத்தபோதே அவருக்குக் கண் கரித்தது.

சங்கத்துக்காரர்கள் இதையெல்லாம் அறியாமல் மாவு மில்லில் கருத்துச் சொல்ல உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்கு மனசுல பட்டது இதுதான்" என்று தொடங்கினார் மாசானம். "வெள்ளை நாயி நம்ம பக்கத்து நாயின்னு காட்டுதான். ஆனா அது மெட்ராஸ் பாஷை பேசுது. அது எப்படி? ஆராய்ச்சி பண்ணாமப் படம் எடுத்திருக்கான்."

"ஏழு நாய்க்கு ஒரே வீடு. மொதப் பாகத்துலயும் அதே வீடுதான். ஒரு அறையாவது கூடக் கட்டியிருக்க வேண்டாமா?" என்றார் கொம்பையா.

தலைவர் கையை உயர்த்தினார். "அதெல்லாம் இருக்கட்டும்வே. நாயி நல்லா நடிச்சிருக்கா இல்லையா? அதைச் சொல்ல நாம யாரு? மனுஷன் நடிச்சா மனுஷன் சொல்லலாம். நாயி நடிச்சா?"

"நாயிதான் சொல்லணும்!" என்று மற்ற இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். தங்கள் அறிவைக் கண்டு தாங்களே ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

மாவு மில் வாசலில் ராசு என்று ஒரு செவலை நாய் படுத்திருந்தது. அடுத்த நாள் அதைக் குளிப்பாட்டி, நெற்றியில் திருநீறு பூசி, கொட்டகைக்கு அழைத்துப் போய் நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ராசு பாதிப் படம் தூங்கியது. திரையில் பூனை வந்தபோது எழுந்து நாற்காலியைக் கடித்தது. பாட்டு வந்தபோது எழுந்து வெளியே போய்விட்டு வந்தது. உண்மையில், அந்தப் படத்தை அதைவிடச் சரியாக யாரும் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் மூவரும் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார்கள்.

"எப்படி இருந்துச்சு ராசு? கூசாமச் சொல்லு."

ராசு காதைச் சொறிந்துகொண்டது.

"பேசமாட்டேங்குதே! படத்துல ஏழும் என்ன போடு போடுது!" என்றார் மாசானம். "ஒருவேளை இது ஊமையோ?"

உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் ராசுவின் வாயைத் திறந்து பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு? என்ன பிரச்சினை?" என்று கேட்டார்.

"பேச்சு வரல டாக்டர்."

டாக்டர் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "நாய் பேசாதுய்யா."

வெளியே வந்ததும் கொம்பையா பரிதாபமாகத் தலையை ஆட்டினார். "பாவம். மொதப் பாகம் பாக்கல போல."

"படிச்சவங்களே இப்படித்தான்" என்றார் ஆவுடையப்பன். "ஆனா ஒண்ணு. அந்த ஏழும் பொறந்தப்பவே பேசியிருக்குமா? கேட்டுக் கேட்டுத்தான் படிச்சிருக்கும். ராசு ஒரு தடவதானே பாத்திருக்கு? பச்சப் புள்ளகூட ஒரு தடவ கேட்டு உடனே பேசிருமா? இன்னும் ரெண்டு மூணு காட்சி காட்டுனா வாயைத் தொறந்துரும்."

இப்போது கருத்து தயார். நாலு பேருக்குச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. தபால்காரர், சலூன்காரர், கறிக்கடைக்காரர், பூக்காரம்மா என்று நாலு பேரைத் தேர்ந்தெடுத்துச் சொன்னார்கள்: "நாயைக் கூட்டிட்டுப் போய் அந்தப் படத்தைக் காட்டுங்க. அடிக்கடி கேட்டா நாயி தமிழ் பேசும்."

பக்கத்தில் நின்ற பள்ளிக்கூட வாத்தியார், "என்ன விஷயம்? எனக்கும் சொல்லுங்களேன்" என்றார்.

"முடியாது சார்" என்றார் மாசானம். "நாலு பேரோட முடிஞ்சுபோச்சு. மேனேஜர் உத்தரவு."

சொல்ல முடியாது என்றதும் விஷயம் நெருப்பாகப் பிடித்துக்கொண்டது. வாத்தியார் சலூன்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி சிதம்பரநாதன் காரில் வந்து இறங்கினார். கூடவே வெங்காய வியாபாரி, கொட்டகையின் நீள அகலத்தை அளக்க டேப்போடு வந்தார். இறங்கிய இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். டிக்கெட் கவுண்டரிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை வரிசை. ஆளுக்கொரு நாய். நாய் இல்லாதவர்கள் தெருவில் திரிந்ததைக் கயிறு போட்டுப் பிடித்து வந்திருந்தார்கள். கறிக்கடைக்காரர் தன் பங்குக்கு ஓர் ஆட்டையும் இழுத்து வந்திருந்தார். அதற்கும் ஏதாவது சொல்ல இருக்கலாம் என்றார். இருக்கலாம்தான்.

"இதென்னய்யா கூட்டம்?" என்று முதலாளி கேட்டார்.

மேனேஜர் விஷயத்தைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த வெங்காய வியாபாரி டேப்பை முதலாளி கையில் திணித்தார். "எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு. அடுத்த காட்சிக்குள்ள கொண்டு வந்துருதேன்" என்று ஓடியவர்தான், குடோன் பேச்சே அதற்குப் பிறகு எழவில்லை.

உள்ளே காட்சி அமர்க்களம். திரையில் ஏழு குரைத்தால் கீழே எழுபது குரைத்தன. ஒரு வசனமும் யார் காதிலும் விழவில்லை. அதனால் படம் எல்லோருக்கும் மிகவும் பிடித்துப் போயிற்று. "மொதப் பாகத்தைவிட நூறு மடங்கு மேல்" என்று ஜனங்கள் கருத்துச் சொன்னார்கள். மூன்று வாரம் கூட்டம் குறையவில்லை. நாய்கள் பேசவும் இல்லை. "படிப்பு மெதுவாத்தான் ஏறும்" என்று அவரவர் நாய்க்காகப் பரிந்து பேசி, மறுபடி டிக்கெட் எடுத்தார்கள். தில்லைநாயகத்துக்குச் சோறும் இறங்கியது, தூக்கமும் வந்தது.

ஒரு நாள் கூட்டத்தில் ஒரு நாய் முதலாளியின் காலைப் பிடுங்கிவிட்டது. முதலாளி ஊசி போட்டுக்கொண்டு வந்து, கொட்டகை வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பலகை மாட்டச் சொன்னார்: 'நாய்கள் ஜாக்கிரதை'.

அன்று மாலை மேனேஜர் வெளியே வந்து பார்த்தால் வரிசை நகரவேயில்லை. வாசலில் சங்கத்தார் மூவரும் வழியை மறித்து நின்றார்கள். மாசானம் ஒவ்வொரு நாயாக முன்னால் நிறுத்தி, அதன் காதருகே குனிந்து, பலகையில் இருந்ததைச் சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தார். கொம்பையா பக்கத்தில் நின்று, "வெளங்கிச்சா? உள்ள பாத்துப் பத்திரமா இருக்கணும், என்ன?" என்று தலையைத் தடவி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா பண்ணுதிய?" என்று மேனேஜர் கத்தினார்.

ஆவுடையப்பன் அவரைச் சற்று அதிருப்தியோடு பார்த்தார்.

"நீங்க பாட்டுக்குப் பலகையை எழுதி மாட்டிட்டுப் போயிட்டிய. இவங்க இப்பத்தான் பேசவே படிச்சிட்டு இருக்காங்க. அதுக்குள்ள எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொன்னா எப்படிங்க சார் முடியும்?"