பரிபூரணம் பாடிய பொட்டல்

ஐயம்பெருமாள் மெல்லிசைக் குழுவில் பாடுகிறவர். மைக்கை உதட்டோடு ஒட்டவைத்து, மூச்சுக் காற்றையும் கலந்து பாடினார் என்றால் கூட்டம் அப்படியே சொக்கிப் போகும். அவருக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர் ஜெபமணி வாத்தியார். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயசுதான். ஆனாலும் வாத்தியார் உட்காரச் சொல்லாமல் பெருமாள் உட்கார்ந்தது கிடையாது.

அந்த வருசம் பெருமாளுக்குப் புதுசாக ஒரு பேர் கிடைத்திருந்தது. ‘மூக்குப் பாட்டு’ பெருமாள்.

வேறொன்றும் இல்லை. அந்தக் காலத்தில் சாத்தூர் பரிபூரணம் என்று ஒரு அம்மா இருந்தாள். நாடகத்தில் பாடிப் பேர் வாங்கி, அப்புறம் இசைத்தட்டிலும் பாடினாள். மகனைத் தொலைத்த ராணி காடெல்லாம் தேடிக்கொண்டு பாடுகிற பாட்டு ஒன்று, அவள் பாடியதிலேயே பெரிய பாட்டு. பெருமாள் மேடையில் ரெண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைப் பாடிக் காட்டுவார். சனம் உருண்டு புரண்டு சிரிக்கும். கோயில் கொடை விழாக்காரர்கள் அதற்கென்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அம்மன் கொடை ஒன்றுக்கு நோட்டீசிலேயே அந்தப் பேரைப் போட்டுவிட்டார்கள்.

கொடைக்கு முந்தின நாள் அந்த நோட்டீசை வாத்தியாரிடம் கொடுத்து ஆசீர்வாதம் வாங்க வந்திருந்தார் பெருமாள். வந்தவர் சும்மா இல்லாமல் மூக்கைப் பிடித்து ரெண்டு வரி பாடியும் காட்டினார்.

வாத்தியார் சிரிக்கவும் இல்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை.

“ஒரு சந்தேகம் வாத்தியாரே,” என்றார் பெருமாள்.

“கேளும்.”

“அந்தக் காலத்து சனத்துக்குக் காதே கிடையாதா? மூக்கால அழுத பொம்பளையைப் போயி பெரிய பாடகின்னு கொண்டாடியிருக்காங்களே.”

வாத்தியார் நோட்டீசை மடித்துப் பெருமாள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“காலையில ஆட்டுச் சந்தைக்கு வாரும்,” என்றார்.

“ஆடு வாங்கவா?”

“வாரும் வே.”

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் சந்தை நிறைந்துவிட்டது. ஆடு கத்துகிறது, தரகர்கள் கத்துகிறார்கள், லாரிக்காரன் ஒருத்தன் வழி விடச் சொல்லி ஆரனை அடித்துக்கொண்டே இருக்கிறான். வாத்தியார் பெருமாளைப் பொட்டலின் மேற்கு ஓரத்துக்குக் கூட்டிப் போனார்.

“சந்தை வாரதுக்கு முன்னால இதுதான் பரிபூரணம் நாடகம் போட்ட இடம். மேடை இங்க, நீரு நிக்கிற இடத்துல. காசு இல்லாதவன் உக்காந்த இடம் அந்தா, புளியமரத்துக்குக் கீழ. நான் அங்க போய் இருக்கேன். நீரு பாடும்.”

“இந்தச் சத்தத்துலயா?”

“அன்னைக்கும் கைப்பிள்ளை அழுதிருக்கும், முறுக்கு விக்கிறவன் கூவியிருப்பான்.”

“மைக்கு?”

“அவளுக்கு ஏது மைக்கு?”

சொல்லிவிட்டு வாத்தியார் ஆடுகளுக்கு நடுவே புகுந்து போய்விட்டார்.

பெருமாள் தன்னுடைய பாட்டு ஒன்றை எடுத்தார். எல்லாரும் சொக்கிப் போகிற பாட்டு. அது அவர் சட்டைப் பித்தானைக்கூடத் தாண்டவில்லை. பக்கத்தில் கிடாயைப் பிடித்துக்கொண்டு நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி முனகுதிய, பல்லு வலியா?”

பெருமாளுக்குக் காது மடல் சுட்டது. சத்தத்தைக் கூட்டினார். தொண்டையை இறுக்கிக் கத்தினார். ரெண்டு வரியில் குரல் கிழிந்து இருமல் வந்தது. தூரத்தில் வாத்தியார் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாளத்துக்குக் கைவிரல்கூட அசையவில்லை.

இருமி முடித்துப் பெருமாள் வேறு வழி தெரியாமல் நின்றார். அப்புறம், என்ன பாடுகிறோம் என்று யோசிக்காமலேயே, பரிபூரணத்தின் பாட்டை எடுத்தார். பழக்கத்தில் கை மூக்குக்குப் போனது. பாதியில் இறங்கிவிட்டது. தொண்டைதான் ஏற்கெனவே கைவிட்டதே, குரல் தானாக மேலே ஏறி மூக்குத்தண்டில் போய் நின்றது. நெற்றிக்குள் வெண்கலத்தைத் தட்டியது மாதிரி அதிர்ந்தது. மெல்லிசாக, கூராக, ஆட்டுச் சத்தத்துக்கு மேலே ஒரு கம்பி இழுத்தது போலப் போனது.

சந்தையின் அந்தக் கடைசியில் நின்றவர்கள் திரும்பினார்கள். விலை பேசத் துண்டுக்குள் கையைக் கோத்திருந்த ரெண்டு தரகர்கள், கோத்த கையை எடுக்காமலே நின்று கேட்டார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

மகனைக் கூப்பிடுகிற இடம் வந்தது. அந்த இடத்தில்தான் மேடையில் பெருமாள் கண்ணை உருட்டுவார், விசில் பறக்கும். இப்போது அந்த இடத்தில் அவருக்கு வாய் வரவில்லை. நிறுத்திவிட்டார்.

கயிறு விற்கிற அம்மா ஒருத்தி பக்கத்தில் வந்தாள்.

“நீங்க கொடையில பாடுதவுகதானே?”

“ஆமாம்மா.”

“எங்க ஊருலயும் இதைத்தான் பாடுனிய. நான் வயித்தைப் பிடிச்சிக்கிட்டுச் சிரிச்சேன்.”

அவள் கையிலிருந்த கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“இதுல சிரிக்கதுக்கு என்ன இருந்துச்சு?” என்றாள்.

அவள் குத்திக் கேட்கவில்லை. நிசமாகவே தெரியாமல்தான் கேட்டாள். பெருமாளுக்கு அதுதான் தாங்கவில்லை. ஆடுகளை விலக்கிக்கொண்டு புளியமரத்தைப் பார்த்து நடந்தார்.

வாத்தியார் நகர்ந்து இடம் விட்டார். பெருமாள் உட்காரவில்லை.

“கேட்டுச்சா?” என்றார்.

“முதல்ல ஒண்ணும் கேக்கல. அப்புறம் அந்தம்மா குரல் கேட்டுச்சு.”

பெருமாள் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். இந்த மண்ணில் உட்கார்ந்தவனுக்கும் கேட்கவேண்டும் என்றுதான் அவள் அப்படிப் பாடியிருக்கிறாள். அதைப் போய் ஊர் ஊராக மூக்கைப் பிடித்துக் காட்டியாயிற்று.

“கொடைக்குப் போகல வாத்தியாரே. உடம்பு சரியில்லன்னு சொல்லி அனுப்பிருதேன்.”

“போவும். போய் அந்தப் பாட்டையே பாடும். இப்பம் பாடுனீருல்லா, அது மாதிரி.”

“நான் எப்படிப் பாடினாலும் சிரிப்பாங்களே.”

“ஆமா. நீருதானே பழக்கி வச்சிருக்கீரு,” என்றார் வாத்தியார். “அவங்க சிரிச்சு முடிக்கிற வரைக்கும் பாடும்.”