அழகருக்காகச் சுருக்கிய ஆட்டம்

“அடங்க மாட்டேங்குது, டீச்சர்,” என்றான் தவசி.

மெஹருன் தலையைத் தூக்கவில்லை. பழைய வீடியோ கேம் மெஷின்களைப் பழுதுபார்க்கும் மாடிக் கடை அவளுடையது.

பெரிய மெஷினில் ஓடிய பழைய கேமை, உள்ளங்கை அளவு மெஷினுக்குள் அடங்குகிற மாதிரி திரும்ப எழுதுகிற பைத்தியங்கள் ஊருக்கு ஊர் உண்டு. மதுரைப் பைத்தியங்களுக்கெல்லாம் அவள்தான் குரு. தவசி அவளைவிட மூத்தவன். அதனால் என்ன? தெரியாதவன் தெரிந்தவளை டீச்சர் என்று கூப்பிட்டால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

“எதையெல்லாம் எடுத்தீங்கண்ணே?”

“பாட்டை எடுத்தேன். மேகத்தை எடுத்தேன். பின்னாடி நிக்கிற மலையைக்கூட எடுத்துட்டேன். இன்னும் இடம் பத்தல.”

“யாருக்கு இது?”

“தம்பிக்கு.”

தம்பி அழகருக்குத் தசை கரைகிற நோய். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார முடியாது. போன் வழுக்குகிறது, அவன் தொடுவது அதற்குத் தெரிவதில்லை. இந்தச் சின்ன மெஷின் ஒன்றுதான் அவன் நெஞ்சின் மேல் கனக்காமல் நிற்கிறது. சின்ன வயதில் அண்ணனும் தம்பியும் அடித்துப் பிடித்து ஆடிய கேமை, போவதற்கு முன்னால் ஒரு தடவை ஆட வேண்டும் என்று கேட்டுவிட்டான். அவ்வளவுதான் விஷயம்.

மெஹருன் டேப்பை எடுத்தாள். தவசியின் வலது கை விரல்களைச் சேர்த்துச் சுற்றினாள். கட்டைவிரலை மட்டும் விட்டாள். இடது கையை மடியில் வைக்கச் சொல்லி, பெரிய மெஷினில் அந்தக் கேமைப் போட்டாள்.

“இப்ப ஆடுங்க.”

ஓடிக்கொண்டே குதிக்க இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்க வேண்டும். தவசியின் ஆள் முதல் பள்ளத்திலேயே விழுந்தான். மறுபடியும் விழுந்தான்.

மாதக்கணக்காக மேகத்தோடும் மலையோடும் மல்லுக்கட்டியவன், வலது கட்டைவிரல் மட்டுமே அசைகிற தம்பியின் கையை ஒரு நாளும் பார்க்கவில்லை. அட மடையா, என்று டேப் சுற்றிய கையாலேயே தலையில் அடித்துக்கொண்டான்.

வீட்டுக்குப் போய், ஆள் தானே ஓடுகிற மாதிரி எழுதினான். குதிக்க மட்டும் ஒரே ஒரு பட்டன். இந்த முறை மெஷினுக்குள் அடங்கியது.

ஆனால் திரும்பி வந்தபோது அவன் முகம் செத்திருந்தது.

“கட்டைவிரலும் போச்சு, டீச்சர். நான் அமுக்குறேன்டான்னா, நீ தொடாதேங்குறான். இனி எதை எடுக்க?”

“பட்டனை எடுங்க. பாக்கட்டும்.”

தவசி பட்டனை எடுத்தான். அதோடு நின்றானா? பள்ளங்களையெல்லாம் மூடினான். எதிரிகளையெல்லாம் விரட்டினான். அண்ணன் பாசம், வேறென்ன. ஆள் வெறும் தரையில் நேராக நடந்து கடைசிவரை போனான்.

“தம்பி என்ன சொன்னாரு?” என்று கேட்டாள் மெஹருன்.

“‘இவன் ஏன்ணே சாகவே மாட்டேங்குறான்? இது நம்ம ஆட்டமே இல்ல’ங்குறான். பள்ளத்தைத் திரும்ப வைக்கச் சொல்றான். வச்சா விழுந்துருவானே! தாண்டுறதுக்கு அவனுக்கு ஒரு விரல் இருக்கா?”

“இல்ல.”

“அப்புறம்?”

“வைங்கண்ணே.”

தவசிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“உங்களுக்கென்ன! உங்க தம்பியா படுத்துக் கெடக்கான்?” என்று கத்திவிட்டுப் படியிறங்கிப் போனான்.



அடுத்த முறை வந்தபோது அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“வச்சேன், டீச்சர். ஆள் விழுந்தான். தம்பி சிரிச்சான்! எத்தனை மாசமாச்சு அவன் சிரிச்சு! ‘இதான்ணே, இதான்’னான். ஆட்டத்துல ஆளுக்கு இருந்த உயிரெல்லாம் தீந்துபோச்சு. இப்ப திரையில ‘மறுபடியும் ஆடவா’ன்னு கேட்டு நிக்குது. ஒரு பக்கம் ஆமா. ஒரு பக்கம் வேண்டாம்.”

“அவரு எதைச் சொல்றாரு?”

தவசிக்கு வாய் கோணியது.

“‘வேண்டாம்’ங்குறதை அமுக்குண்ணேங்குறான். இத்தனை நாளா என்னையத் தொட விடாதவன், இப்ப என்னையவே அமுக்கச் சொல்றான்.”

“அமுக்குனீங்களா?”

“எப்படி அமுக்குவேன்? அப்படியே வச்சிட்டு ஓடியாந்துட்டேன். பேட்டரி தீந்துரும், டீச்சர். ரொம்ப நேரம் தாங்குற மாதிரி ஒண்ணு குடுங்க. அது பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கட்டும்.”

கண்ணாடி அலமாரி நிறைய பேட்டரி இருந்தது. மெஹருன் அந்தப் பக்கம் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவனை உட்கார வைத்தாள். அவன் அழுது முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றாள்.

பிறகு சொன்னாள்.

“அவரு காத்துக்கிட்டிருக்காருண்ணே.”