பூக்கடைக்கு ஏற்ற கை

மந்திக்குளத்துக்காரர்களின் புத்தியைப் பற்றி வெளியூர்க்காரர்கள் வாய் திறப்பதற்குள் நாமே சொல்லிவிடுவது கௌரவம். இந்தக் கதையைச் சொல்கிறவருக்கும் பூர்வீகம் அந்த ஊர்தான்.

அந்த ஊர் வைரவனுக்கு வயது முப்பத்தாறு. இரண்டு சம்பந்தம் தட்டிப்போய் மூன்றாவதாக அமைந்தவள் பேச்சியம்மாள். இதுவும் போனால் தனக்குக் கல்யாணமே கிடையாது என்று நிஜமாகவே பயந்துபோயிருந்தான். பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்: “நல்ல பூக்கடையா பாத்து பத்து முழம் மல்லி வாங்கிட்டு வாங்க மாப்ளே. ஒரு முழம் கொறஞ்சாலும் தட்டு மாத்த மாட்டேன்.”

நிச்சயத்தன்று காலையில் வைரவன் தன் கூட்டாளிகள் வேலாண்டியையும் செவனுவையும் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனான்.

“நல்ல கடைன்னு எப்படிடா கண்டுபிடிக்கிறது?”

“பூவைக் கையாலதானே அளக்குறாங்க? கை நீளமா இருந்தா நல்ல கடை,” என்றான் வேலாண்டி.

பூக்காரி இருளாயி கட்டிய மல்லி சந்தைக்கே மணத்தது. பார்த்ததுமே வைரவனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆனால் அவள் கை குட்டை. பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்த அரியமுத்துவின் கையோ முழங்காலைத் தொட்டது.

“அண்ணே, பத்து முழம் மல்லி குடுங்க.”

“நான் இளநீரில்ல விக்கிறேன்.”

“அது பரவால்லண்ணே. கை நல்ல கை.”

கடைசியில் இருளாயி பத்து முழம் அளந்து கொடுக்க, அதையே அரியமுத்து அளந்து பார்த்தார். ஏழுதான் வந்தது.

காணாமல் போன மூன்று முழத்தை வைரவன் தரையில் தேடினான். வேலாண்டி கூடைக்கு அடியில் தேடினான். செவனு அரியமுத்துவின் மடியைத் தடவிப் பார்த்தான்.

“பூ அப்படியேதான்யா இருக்கு. அளந்த கைதான் வேற,” என்றாள் இருளாயி.

மூவரும் ஒதுங்கி நின்று யோசித்தார்கள். “நீளக் கை பூவைத் தின்னுடுதுடா. இன்னொரு தடவை அளக்க விட்டா நாலாயிடும்,” என்றான் செவனு. காசைப் போட்டுவிட்டுப் பூவை வாரிக்கொண்டு ஓடினார்கள்.

மாமனார் கை எத்தனை நீளமோ என்ற பயத்தோடு வைரவன் பெண் வீட்டுக்குள் நுழைந்தான். தொட்டிலில் பேச்சியம்மாளின் அக்கா குழந்தை கையை ஆட்டிக்கொண்டு கிடந்தது. அந்தக் கையையே சற்று நேரம் பார்த்தான். வாழ்நாளில் அவன் சொந்தமாக யோசித்தது அன்றைக்குத்தான்.

“மாமா, பாப்பாவை அளக்கச் சொல்லலாமா?”

குழந்தையின் கையை நீட்டிப் பிடித்து அளந்தார்கள். இருபத்துநாலு முழம் வந்தது. பேச்சியம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அதைப் பார்த்துப் பெண்ணின் அப்பாவும் மனம் இளகித் தட்டைக் கையில் எடுத்தார்.

வைரவன் யோக்கியன். சொன்னபடி பத்து முழத்தை மட்டும் கத்தரித்துப் பேச்சியம்மாளிடம் கொடுத்தான். மிச்சத்தைக் கையில் ஏந்திக்கொண்டு மாமனாரிடம் பணிவாகக் கேட்டான்:

“இன்னும் பதினாலு முழம் இருக்கு மாமா. வாடுறதுக்குள்ள, உங்க வீட்ல வேற பொண்ணு இருந்தா சொல்லுங்க.”