படத்தில் இல்லாத ஊர்

முன்னொரு காலத்தில், கிழக்கே கடலும் மேற்கே மலையுமாக இருந்த ஒரு நாட்டை வீரமகிபன் என்ற ராஜா ஆண்டுவந்தார். தன் நாடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. பல்லக்கில் ஏறினால் தலை சுற்றும், குதிரையில் ஏறினால் இடுப்பு வலிக்கும், நடக்கலாம் என்றாலோ வெயில். அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் காலையில் ஓர் ஆசை வந்துவிட்டது. கட்டிலைவிட்டு இறங்காமலே நாடு முழுவதையும் பார்த்துவிட வேண்டும்!

"நாற்பது நாளில் என் நாட்டைப் படமாக எழுதிக் கொண்டுவாரும்" என்று தன் சபையில் இருந்த புவனபூஷண பண்டிதருக்கு உத்தரவு போட்டார்.

பண்டிதர் அரண்மனைச் சுவடி அறையை விட்டு ஓர் அடி வெளியே வைக்கவில்லை. பழைய ஏடுகளைப் புரட்டி, மீதியைத் தன் மனத்திலிருந்து எடுத்து, பெரிய துணி ஒன்றில் எழுதி முடித்தார். நாற்பதாம் நாள் சபையில் அதை விரித்து மாட்டினார்கள். படத்தில் ஆறு, கயிறு பிடித்தாற்போல் நேராக ஓடியது. வளைத்தால் அழகு கெடும் என்று பண்டிதர் நேராக்கிவிட்டார். மலைகள் எல்லாம் ஒரே உயரம். தெற்கு மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றும் எழுதாமல் வெள்ளையாக விட்டிருந்தார்.

"அது என்ன வெள்ளை?" என்று ராஜா கேட்டார்.

"வெற்று நிலம், மகாராஜா. ஊரும் இல்லை, ஆளும் இல்லை."

ராஜாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "இன்று முதல் இந்தப் படம் காட்டுவதே என் நாடு. இதில் இல்லாதது எதுவும் இல்லவே இல்லை. பண்டிதரே, என்ன பரிசு வேண்டும்?"

பண்டிதர் குனிந்து கும்பிட்டார். "அடியேனுக்குப் பொன்னும் மணியும் எதற்கு? ஒன்றுக்கும் உதவாத அந்த வெள்ளை நிலத்தைக் கொடுத்தால் போதும்."

"எடுத்துக்கொள்ளும்!" என்றார் ராஜா.

அந்தச் சபையில் வெயிலாட்சி என்று ஒரு பெண் இருந்தாள். அவளுடைய தகப்பனார்தான் முன்பு அங்கே விகடம் சொல்லி வந்தவர். அவர் இறந்த மறுநாள் அவருடைய இடத்தில் இவள் போய் உட்கார்ந்தாள். எழுந்திரு என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, அவள் வாய் அப்படி. பண்டிதரின் பணிவான பேச்சைக் கேட்டதும் அவளுக்கு என்னவோ சரியாகப் படவில்லை. ஆனாலும் அன்று பேசாமல் இருந்தாள்.

ஐந்தாம் நாள், புழுதி படிந்த கால்களோடு ஒரு பெண் சபைக்குள் வந்து நின்றாள்.

"மவராசா, எம் பேரு மாடத்தி. ஊரு கருஞ்சுனை. தறி போட்டுப் பொழைக்கிறோம். நானூறு தலக்கட்டு இருக்கோம். பண்டிதர் ஆளுங்க வந்து ஊரச் சுத்தி முளைக்குச்சி அடிச்சிட்டாங்க. பௌர்ணமிக்குள்ள காலி பண்ணணுமாம். புள்ள குட்டிங்களோட நாங்க எங்க போவோம்?"

ராஜா திரும்பிப் படத்தைப் பார்த்தார். தெற்கே வெள்ளைதான் இருந்தது. "அங்கே யாரும் இல்லை என்று படம் சொல்கிறதே, அம்மா!"

"நான் இங்க நிக்கிறேனே, மவராசா!"

"படத்தில் இல்லாத ஊரிலிருந்து ஆள் எப்படி வரும்? இவள் பொய்க்காரி" என்றார் பண்டிதர்.

அப்போது சபையே திடுக்கிடும்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. வெயிலாட்சிதான்.

"என்ன சிரிப்பு?" என்று ராஜா அதட்டினார்.

"கண்ணெதிரே நிற்கிற பெண் இருக்கிறாளா இல்லையா என்று தெரிந்துகொள்ள, தாங்கள் முகத்தைத் திருப்பித் துணியைப் பார்த்தீர்களே, மகாராஜா. அதற்குச் சிரித்தேன்."

"படத்தைப் பழிப்பது தங்களைப் பழிப்பது, மகாராஜா" என்று பண்டிதர் ராஜாவின் காதருகே சொன்னார்.

ராஜாவின் முகம் சிவந்தது. "வெயிலாட்சி, மன்னிப்புக் கேள்!"

"கேட்க மாட்டேன்."

"கேட்க மாட்டாயா? அப்படியானால் படத்தில் இல்லாத அந்த இடத்துக்கே போய்த் தொலை! இனி நீயும் இல்லாதவள்!"

"வாயால் சொன்னால் போதாது, மகாராஜா. ஓலையில் எழுதி முத்திரை போட்டுக் கொடுங்கள்" என்றாள் வெயிலாட்சி.

கோபத்தில் ராஜா அப்படியே செய்தார். 'வெயிலாட்சி என்பவள் இன்று முதல் இல்லாத இடத்தைச் சேர்ந்த இல்லாதவள்' என்று ஓலை எழுதப்பட்டது. அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு மாடத்தியோடு நடந்தாள்.

கருஞ்சுனைக்கு இரண்டு நாள் நடை. பண்டிதர் நேராக்கிய ஆறு வழியில் ஏழு இடத்தில் வளைந்தது. முதல் நாள் வெயிலாட்சிக்குப் பயமாகத்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து அரண்மனைச் சோறு. இனி என்ன செய்வது?

"ஒனக்கு எதுக்கும்மா இந்த வம்பு?" என்று மாடத்தி கேட்டாள்.

"எங்க அப்பா ராஜாவச் சிரிக்கவெச்சே சோறு தின்னாரு, அக்கா. நானும் அதத்தான் செஞ்சேன். சபையில அப்பத்தான் மொத தடவையா எனக்கே சிரிப்பு வந்துச்சு. அத அடக்க முடியல."

ஊர் வந்தது. கறுத்த பாறையடியில் ஒரு சுனை, அதைச் சுற்றி வீடுகள், அதற்கு அப்பால் பருத்தி விளையும் கரிசல் காடு. வெயிலாட்சி சும்மா இருக்கவில்லை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை வீடு வீடாக, காடு காடாக நடந்து கேள்வி கேட்டாள். இங்கே என்ன இருக்கிறது? அது ஏன் இங்கே இருக்கிறது? இங்கிருந்து எங்கே போகிறது? இந்த மூன்றைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டாள்.

வீடுகளெல்லாம் மேற்கே முதுகு காட்டி நிற்பது ஏன் என்றால், ஆடி மாதத்துக் காற்று மணலை அள்ளி வீசுமாம். பருத்தி ஏன் இங்கே என்றால், கரிசல் மண் ஒரு மழையின் ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்து வைக்குமாம். பருத்தி இருப்பதால் தறி. பனை இருப்பதால் விசிறி. சுனைத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டபோது ஒரு கிழவர் அவளைக் கூட்டிக்கொண்டுபோய்க் கல் வாய்க்கால் ஒன்றைக் காட்டினார். அது வடக்கே சரிந்து போயிற்று. மறுநாள் அதன் கரையோடு அவள் தனியாகப் புறப்பட்டு, இரண்டு நாள் நடந்து, அது எந்தக் குளத்தில் போய் விழுகிறது என்று பார்த்துவிட்டு நான்காம் நாள் திரும்பினாள். அன்று மாலை முழுவதும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பௌர்ணமிக்கு மூன்று நாள் இருந்தபோது அவளும் மாடத்தியும் ஒரு வெற்று வண்டியை ஓட்டிக்கொண்டு அரண்மனைக்கு வந்து, அதை வாசலில் நிறுத்திவிட்டு நேரே சபைக்குள் நுழைந்தார்கள்.

"இவளை நாடு கடத்தினேனே! பிடியுங்கள்!" என்று ராஜா எழுந்தார்.

வெயிலாட்சி காவலர் தலைவனிடம் ஓலையை நீட்டினாள். "படித்துப் பாருங்கள், ஐயா. நான் இல்லாதவள். ராஜ முத்திரை இருக்கிறது. இல்லாதவளை எப்படிப் பிடிப்பீர்கள்? பிடித்தால் ராஜாவின் வாக்கைப் பொய்யாக்கியதாக ஆகாதா?"

காவலர் தலைவன் ஓலையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ராஜாவைப் பார்த்தான். கையிலிருந்த ஈட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டான்.

வெயிலாட்சி சிம்மாசனத்தருகே போனாள். ராஜாவின் தங்கக் கிண்ணத்தை எடுத்துத் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தாள்.

"என்ன துணிச்சல்!"

"இது கருஞ்சுனைத் தண்ணீர், மகாராஜா. அரண்மனைக் குளத்துக்கு அங்கிருந்துதான் வாய்க்கால் வருகிறது. அந்த ஊர் இல்லை. ஆகவே இந்தத் தண்ணீரும் இல்லை."

அடுத்து விசிறிக்காரன் கையிலிருந்த பனையோலை விசிறியைப் பிடுங்கினாள். "இதுவும் இல்லை." ராஜா சாய்ந்திருந்த திண்டை உருவினாள். "உள்ளே இருப்பது அந்தக் கரிசல் பஞ்சு. இதுவும் இல்லை." ஒவ்வொன்றாக மாடத்தி வாங்கி வண்டியில் போட்டுவிட்டு வந்தாள். "இதுவும் அந்த ஊர்த் தறியில் நெய்தது" என்று வெயிலாட்சி பண்டிதரின் மேல்துண்டில் கை வைத்தபோது, "ஐயோ, விடு!" என்று அவர் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டார். துண்டு அவளோடு போயிற்று.

பிறகு அவள் படத்தின் அருகே வந்தாள்.

"அதைத் தொடாதே!" என்று பண்டிதர் அலறினார்.

"மாடத்தியக்கா, இந்தத் துணியோட கரை யாரோடது?"

மாடத்தி துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "மூணு செவப்பு இழை, நடுவுல ஒரு கறுப்பு. எங்க ஊர்த் தறிக்கு மட்டுந்தான் இந்தக் கரை உண்டு. இது போன தையில நானே நெய்ஞ்சது."

"கேட்டீர்களா, மகாராஜா? இல்லாத ஊரில், இல்லாத பெண் நெய்த துணி." சொல்லிக்கொண்டே வெயிலாட்சி படத்தைக் கொக்கிகளிலிருந்து கழற்றி, நாலாக மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். சுவர் மொட்டையாக நின்றது. "படம் காட்டுவதே நாடு என்று ஆணையிட்டீர்கள். படம் போயிற்று. இப்போது தங்கள் நாடு எங்கே?"

ராஜா வெறும் சுவரைப் பார்த்தார். வறண்ட தொண்டையோடு காலிக் கிண்ணத்தைப் பார்த்தார். துண்டு இல்லாமல் மார்பைக் கைகளால் மூடிக்கொண்டு நின்ற பண்டிதரையும் பார்த்தார். முதலில் அவருடைய தொந்தி குலுங்கியது. பிறகு தோள் குலுங்கியது. அப்புறம் கண்ணில் நீர் வரும்வரை விழுந்து விழுந்து சிரித்தார். சபையும் சேர்ந்து சிரித்தது.

வெயிலாட்சி மட்டும் சிரிக்கவில்லை. "நான் சிரிக்கவைக்க வரவில்லை, மகாராஜா. நானூறு குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு என்ன பதில்?"

ராஜாவின் சிரிப்பு நின்றது. அவர் இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை, மாடத்தியைப் பார்த்தார். "அம்மா, நீ இருக்கிறாய். உன் ஊரும் இருக்கிறது. அந்த நிலம் உங்களுக்கே என்று செப்பேடு எழுதித் தருகிறேன். முளைக்குச்சிகளைப் பிடுங்கி எறியுங்கள்" என்றவர், பண்டிதர் பக்கம் திரும்பினார். "பண்டிதரே, அங்கே சுனை இருப்பது உமக்குத் தெரியுமா?"

"ஏட்டில் இருந்தது, மகாராஜா" என்று பண்டிதர் முணுமுணுத்தார்.

"தெரிந்துதான் வெள்ளையாக விட்டீர்!" ராஜா தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார். "வெயிலாட்சி, இந்தா. இனி நாட்டுப் படம் எழுதும் பொறுப்பு உன்னுடையது. வேறு என்ன வேண்டும், கேள்."

மாலையை அவள் வாங்கி மாடத்தியின் கழுத்தில் போட்டாள். "எனக்கு உறுதியான செருப்பு இரண்டு சோடி வேண்டும், மகாராஜா."

"இரண்டு எதற்கு?"

"ஒன்று எனக்கு, ஒன்று பண்டிதருக்கு. அவருக்கு எழுதத் தெரியும். நடக்கவும் கேட்கவும் நான் சொல்லித்தருகிறேன். ஊர் ஊராகப் போய், இருக்கிறவர்களிடம் கேட்டு எழுதட்டும். ஆறு வளைந்தால் அவரும் வளைந்து நடக்கட்டும்."

பண்டிதர் தன் மெல்லிய பாதங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அதைக் கண்டு ராஜாவுக்கு மறுபடியும் சிரிப்புப் பொங்கியது. சிரித்தபடியே செருப்புத் தைப்பவரை வரவழைத்து, சிம்மாசனத்தில் உட்கார்ந்து, பட்டுக் காலணியைக் கழற்றிவிட்டுத் தன் காலை நீட்டினார்.

"மூன்று சோடியாகத் தையுங்கள்" என்றார்.